கண்ணுள் வினைஞர்: பாரிசின் மனப்பதிவு ஓவியமும் சென்னை ஓவிய இயக்கமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரையின் அங்காடித் தெருவைக் காட்டுகையில், அங்குத் தொழில் புரிவோரை நிரல்படக் கூறிச் செல்கிறார். சங்கை அறுத்து வளை கடைவோர், மணிக்குத் துளையிடுவோர், பொன்னணி செய்வோர், ஆடை விற்போர், செம்பு நிறுத்து வாங்குவோர் எனத் தொடரும் அவ்வரிசையில் ஓவியரும் இடம் பெறுகின்றனர். புலவர் அவர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்னும் பெயரால் குறிக்கிறார். காண்போரின் கண்ணிடத்தே தம் தொழிலை நிலைநிறுத்துவோர் என்பது நச்சினார்க்கினியர் அதற்குத் தரும் விளக்கத்தின் சாரம். ஓவியம் சுவரிலோ துணியிலோ முடிவதில்லை, காண்பவன் கண்ணில்தான் அது நிறைவுறுகிறது என்னும் ஆழ்ந்த கருத்து இந்த இரண்டு சொற்களில் அடங்கியுள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சு ஓவியர் சிலர் இதே கருத்தைத் தம் தூரிகையால் மெய்ப்பிக்க முனைந்தனர். அதற்காக ஏளனமும் வறுமையும் உற்றனர். அவர்களின் முயற்சியே 'இம்ப்ரஷனிசம்' என்னும் மனப்பதிவு ஓவிய இயக்கம். அவ்வியக்கம் தோன்றிய வரலாற்றையும், தமிழ் மண்ணில் அதனோடு ஒப்பிடத்தக்க சென்னை ஓவிய இயக்கத்தின் தோற்றத்தையும் அருகருகே வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

அரசவாயிலும் அடைத்த கதவும்

பாரிசில் அக்காலத்தில் ஓவியன் ஒருவன் பெயர் பெறுவதற்கு ஒரே வாயிலே இருந்தது. 'சலோன்' எனப்பட்ட அரசுக் கண்காட்சியே அது. நுண்கலைக் கழகத்தாரின் செல்வாக்குக்கு உட்பட்ட தேர்வுக்குழு ஒன்று படங்களை ஏற்கும் அல்லது தள்ளும். புராணக் கதைகள், வரலாற்று நிகழ்ச்சிகள், பெருமக்களின் உருவங்கள் ஆகியவையே உயர்ந்த பாடுபொருள்கள் எனக் கருதப்பட்டன. தூரிகையின் தடம் தெரியாமல் மெழுகியதுபோல் வழவழப்பாக முடிப்பதே திறமைக்கு அடையாளமாயிற்று. தெருவில் நடக்கும் மாந்தரும், ஆற்றங்கரையில் அசையும் நிழலும் ஓவியத்திற்கு ஏற்ற பொருளல்ல என்பது கழகத்தாரின் துணிபு.

1863ஆம் ஆண்டில் தேர்வுக்குழு தள்ளிய படங்களின் தொகை மிகப் பெரிதாயிற்று. ஓவியரின் கூக்குரல் எழவே, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றைத் தனியே காட்சிக்கு வைக்க ஆணையிட்டார். 'தள்ளப்பட்டோர் சலோன்' எனப் பெயர் பெற்ற அக்காட்சியில் எதுவார் மானே வரைந்த 'புல்வெளியில் பகலுணவு' என்னும் ஓவியம் மக்களின் நகைப்புக்கும் சினத்துக்கும் இலக்காயிற்று. ஆயினும் இளைஞர் சிலர் அதில் ஒரு புதுவழியைக் கண்டனர்.

அவ்விளைஞருள் கிளாது மோனே, ஒகுயிஸ்து ரெனுவார், ஆல்பிரெது சிஸ்லே, பிரெதெரிக் பசீல் ஆகிய நால்வரும் கிளேயர் என்னும் ஆசிரியரின் பயிற்சிக்கூடத்தில் பழகியவர்கள். வயதில் மூத்த கமீல் பிசாரோ அவர்களோடு இணைந்தார். அரசின் தயவை நாடாமல் தாமே ஒரு கண்காட்சி நடத்துதல் வேண்டும் என்ற எண்ணம் 1867இலேயே பசீலின் கடிதங்களில் இடம் பெற்றுள்ளது. ஆனால் 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் மூண்ட போரில் பசீல் தம் 28ஆம் வயதில் உயிர் துறந்தார். மோனேயும் பிசாரோவும் இலண்டனில் அடைக்கலம் புகுந்தனர். அங்கேதான் பின்னாளில் அவர்களைத் தாங்கி நின்ற படவணிகர் போல் துராண்ட்-ருவேலின் நட்பு அவர்களுக்கு வாய்த்தது.

ஏளனத்தில் பிறந்த பெயர்

போர் ஓய்ந்தபின் அவ்வோவியர்கள் 1873 டிசம்பரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 1874 ஏப்ரல் 15ஆம் நாள், ஒளிப்படக் கலைஞர் நாடார் முன்பு தொழில் நடத்திய கூடத்தில் அச்சங்கத்தின் முதற் கண்காட்சி தொடங்கியது. பிரெஞ்சு நாட்டு நாடாரை நம் ஊர்ச் சமூகப் பெயரோடு இணைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அஃது அவர் சூடிக்கொண்ட புனைபெயர். 30 பேரளவிலான கலைஞர்களின் 160க்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே வைக்கப்பட்டன. தேர்வுக்குழுவும் இல்லை, பரிசும் பதக்கமும் இல்லை.

லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியலை மோனே 1872ஆம் ஆண்டிட்டு வரைந்திருந்தார். பனி மூட்டம், நீரில் நடுங்கும் செங்கதிர், நிழலுருவாய் இரண்டு படகுகள் ஆகியவையே அதில் உள்ளவை. அதற்கு 'மனப்பதிவு: சூரியோதயம்' என்று அவர் பெயரிட்டார். லூயி லெருவா என்னும் இதழாளர் ஏப்ரல் 25ஆம் நாள் 'லெ ஷாரிவாரி' என்னும் நகைச்சுவை ஏட்டில் அப்பெயரைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் எல்லாம் 'மனப்பதிவுக்காரர்கள்' என எள்ளி எழுதினார். வசையாக எறிந்த அச்சொல்லை, 1877இல் நடந்த மூன்றாம் கண்காட்சியின்போது அவ்வோவியர்களே தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. எட்டிலும் பங்கேற்றவர் பிசாரோ ஒருவரே.

பெண்களின் பங்கையும் இங்கே மறத்தல் ஆகாது. பாரிசின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களை மாணவியராகச் சேர்க்கவில்லை. அத்தகைய காலத்தில் பெர்த் மொரிசோ எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் பங்கேற்றார். அமெரிக்காவிலிருந்து வந்த மேரி கசாட்டும் இக்குழுவில் இணைந்தார். அரசின் வாயில் அடைத்த கதவை ஓவியரின் கூட்டமைப்பு திறந்துவிட்டது என்பதற்கு இவர்களே சான்று.

ஒளியும் சாயமும்

இவ்வியக்கம் சில ஓவியரின் மனவெழுச்சியால் மட்டும் பிறந்ததன்று. காலத்தின் கருவிகளும் அறிவும் அதற்குத் துணை நின்றன. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் வெள்ளீயத்தால் ஆன வண்ணக் குழாயைக் கண்டுபிடித்தார். அதற்குமுன் எண்ணெய் வண்ணங்களைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து வைப்பர். வெளியில் எடுத்துச் செல்வது இடர்ப்பாடு. குழாய் வந்தபின் ஓவியன் வயலுக்கும் ஆற்றுக்கும் வண்ணங்களோடு செல்ல இயன்றது. இருப்புப்பாதை அவனை ஒரே நாளில் சீற்றூருக்குக் கொண்டுபோய் மீட்டும் கொணர்ந்தது. உள்ளதை உள்ளவாறே பதிக்கும் ஒளிப்படக் கலை வளர்ந்ததால், அப்பணியிலிருந்து ஓவியனின் கை விடுதலை பெற்றது. ஜப்பானிய மரவச்சு ஓவியங்கள் தட்டையான வண்ணப் பரப்பின் அழகைக் கற்பித்தன.

இவற்றோடு மதுரை மக்கள் எளிதில் உணரக்கூடிய காரணம் மற்றொன்றும் உண்டு. மிஷேல் ஷெவ்ரல் என்னும் வேதியியலார் பாரிசின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராய் இருந்தார். கறுப்பு நூலின் சாயம் மங்கலாகத் தெரிகிறது என்று முறையீடு எழ, அவர் ஆராய்ந்தார். பிழை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறத்தால்தான் கறுப்பு மங்கித் தோன்றுகிறது எனக் கண்டார். ஒரு நிறம் தன் அண்டையில் உள்ள நிறத்தால் மாறித் தோன்றும் என்னும் இவ்விதியை விளக்கும் அவரது நூல் 1839இல் வெளிவந்தது. சுங்குடிச் சேலையின் அரக்குச் சிவப்பில் வெண்புள்ளி ஏன் அத்துணை வெண்மையாக மின்னுகிறது என்பதை இந்நகரின் சாயத் தொழிலாளர் கைப்பழக்கத்தால் அறிவர். பட்டறையில் பிறந்த அவ்வறிவே ஓவியக் கூடத்திலும் புகுந்தது. மனப்பதிவு ஓவியர் வண்ணங்களைத் தட்டில் குழைத்து மங்கச் செய்யாமல், சிறுசிறு தீற்றல்களாக அருகருகே இட்டனர். அவற்றைக் கலக்கும் பணி காண்பவனின் கண்ணுக்கு உரியதாயிற்று. நிழல் கறுப்பன்று, அதிலும் நீலமும் ஊதாவும் உண்டு எனவும் அவர்கள் கண்டனர்.

பொழுதைப் பாடிய தூரிகை

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆம் என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. உலகப் பொருள் அனைத்தையும் தாங்கும் அடிப்படையாக நிலத்தோடு பொழுதையும் ஒப்பவைத்து எண்ணிய மரபு நமது மரபு. ஆறு பெரும்பொழுதும் சிறுபொழுதும் அறிந்தே நம் புலவர் பாடினர். முல்லைக்கு மாலையும் நெய்தலுக்கு எற்பாடும் வெறும் பின்னணி அல்ல, அப்பாட்டின் உயிர்.

மோனே 1890ஆம் ஆண்டளவில் இதனை ஒத்த ஓர் எண்ணத்தை ஓவியத்தில் எய்தினார். அறுவடைக்குப்பின் வயலில் நின்ற கதிர்ப்போர்களையே காலை, நண்பகல், அந்தி, பனிக்காலம் எனப் பொழுது மாற மாற வரைந்தார். அத்தொடரின் 15 படங்கள் 1891இல் துராண்ட்-ருவேலின் கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதன்பின் ரூவான் பேராலயத்தின் முகப்பை 30 முறைக்குமேல் வரைந்தார். கல் மாறவில்லை, அதன்மேல் விழுந்த ஒளி மாறிற்று. தைத்திங்களில் மேலூர்ச் சாலை வழியே செல்பவர், களத்து வைக்கோற்போரையும் அதற்கப்பால் கிடக்கும் யானைமலையையும் காலையில் ஒரு நிறமாகவும் அந்தியில் வேறு நிறமாகவும் காண்பர். அம்மாற்றத்தையே பாடுபொருளாக்கியதுதான் மோனே செய்த புதுமை. கருப்பொருளைப் பின்னே தள்ளிப் பொழுதை முன்னே நிறுத்தினார் என்று திணை மரபின் சொற்களாலேயே அதனைக் கூறலாம்.

சென்னையில் எழுந்த இயக்கம்

இனித் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தனியார் பள்ளியாகத் தொடங்கிய கலைப்பள்ளியை 1852இல் அரசு ஏற்றுக்கொண்டது. கைத்தொழில்களைப் பயிற்றுவதே அதன் தொடக்ககால நோக்கம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைமையை ஏற்றார்; அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சென்னைக் கடற்கரையில் நிற்கும் 'உழைப்பாளர் வெற்றி' சிலை அவர் படைப்பு. வங்கத்தின் பழம்பாணியை மாணவர்மீது திணிக்காமல், கண்ணெதிரே உள்ள உலகைக் கண்டு வரையுமாறு அவர் ஊக்கினார்.

அவரிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த பணிக்கர், தொடக்கத்தில் நீர்நிலைகளையும் தென்னந்தோப்புகளையும் ஒளி ததும்ப வரைந்த நீர்வண்ண ஓவியராகவே அறியப்பட்டார். பிரெஞ்சு மனப்பதிவு ஓவியரும் அவர்களுக்குப் பின்வந்த வான் கோவும் அவர் கண்ணைப் பண்படுத்தினர். 1944இல் 'முற்போக்கு ஓவியர் சங்கம்' அவர் முன்னின்று தோற்றுவித்த அமைப்பாகும். 1957இல் அவரே கலைப்பள்ளியின் தலைவரானார்.

அக்காலத்தில் பயிற்சி முடித்து வெளியேறிய இளைஞரை எதிர்நோக்கியிருந்தது வறுமையே. ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். வணிக விளம்பரக் கூடத்திலோ பள்ளியிலோ பணி கிடைத்தால் ஓவியம் கைவிட்டுப் போகும். பணிக்கரும் அவர் மாணவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அவ்வாறு பிறந்தது. அரசின் கொடையாலோ வள்ளல் ஒருவரின் கருணையாலோ அன்றி, ஓவியரின் கைவேலையால் எழுந்தது அவ்வூர். பாரிசின் கூட்டுறவுச் சங்கத்தோடு அதனை ஒப்பிடத் தூண்டுவது இந்தத் தற்சார்பே ஆகும்.

ஜெ. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, பி.எஸ். நந்தன், இளமையிலேயே மறைந்த கே. ராமானுஜம் முதலியோர் அக்கிராமத்தோடு இணைந்த பெயர்கள். அர்னவாஸ் என்னும் ஓவியரும் அங்கே வாழ்ந்து படைத்தார். கிராமத்துக்கு வெளியே எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ.பி. சந்தானராஜ், கே.எம். ஆதிமூலம், ஆர்.பி. பாஸ்கரன் எனச் சென்னை இயக்கம் விரிந்தது. மதுரையில் பிறந்து சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்ற டிராட்ஸ்கி மருது அம்மரபில் பின்வந்தவர்.

ஒளியா, கோடா?

இங்கே ஒரு வினா எழுகிறது. மனப்பதிவு ஓவியத்தால் தூண்டப்பெற்ற பணிக்கரும் அவர் மாணவரும் ஏன் அப்பாணியிலேயே நிலைத்து நிற்கவில்லை? 1963 முதல் பணிக்கர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் தொடரில் ஒளியும் இல்லை, நிழலும் இல்லை. சாதகக் கட்டங்களும் எழுத்துருக்களும் எண்களும் கோடுகளாய் அங்கே நிறைந்துள்ளன. ஆதிமூலம் 1969இல் காந்தியடிகளை வரைந்த புகழ்மிக்க படங்களும் கறுப்புக் கோடுகளால் ஆனவை.

காரணம் மண்ணில் உள்ளது எனலாம். மோனே கண்ட ஒளி நார்மண்டிக் கடற்கரையின் ஈர ஒளி. பனியும் முகிலும் வடிகட்டி அனுப்புவது. நொடிக்கு நொடி மாறுவது. வைகையின் வறண்ட மணலில் சித்திரை நண்பகல் பொழியும் ஒளி அத்தகையதன்று. அது பொருளைக் கரைப்பதில்லை, செதுக்கிக் காட்டுகிறது. மேலும், தென்னாட்டுக் கலையின் உயிர்நாடி தொன்றுதொட்டுக் கோடே. கோலமிடும் கையும், சிற்பியின் உளியும், திரைச்சீலை எழுதுவோரின் தூரிகையும் கோட்டையே நம்பின. எனவே சென்னை ஓவியர் பாரிசிலிருந்து பாணியைப் பெயர்த்து நடவில்லை. தம் கண்ணால் காணும் துணிவையும், தமக்கெனக் களம் அமைக்கும் துணிவையும் மட்டுமே கடன்பெற்றனர். பாணி கடன் வாங்கினால் நகலாகும்; துணிவு கடன் வாங்கினால் மரபாகும். இவ்வேறுபாட்டை உணராதார், சென்னை ஓவியரை மேலைநாட்டைப் பின்பற்றியோர் என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவர். அது நேர்மையான திறனாய்வு ஆகாது.

கண்ணின் தொழில் எத்துணை அரிது என்பதற்கு இரு வாழ்க்கைகளைச் சான்றாகக் காட்டலாம். மோனே முதுமையில் கண்புரையால் நிறங்கள் திரிந்து தோன்றும் நிலையுற்றார். 1923இல் அறுவை மருத்துவம் செய்துகொண்ட பின்னும், 1926இல் மறையும்வரை தம் அல்லிக்குள ஓவியங்களை விடவில்லை. மதுரையில் 1936இல் பிறந்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை ஆண்டுதோறும் சுருங்கி வந்த நிலையிலும், இந்நகரின் கோபுரங்களையும் யானைமலையையும் நுண்ணிய கோட்டோவியங்களாக வரைந்தார். 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2022இல் மறைந்தார். ஒருவர் ஒளியையும் மற்றவர் கோட்டையும் பற்றினர். இருவரும் மங்கும் கண்ணைக்கொண்டே கண்ணுள் வினைஞராய் நின்றனர்.

இலக்கியத்தாரின் கடமை

ஓவியர் பற்றி இலக்கிய வட்டத்தில் பேசுவதேன் என்று எவரேனும் கேட்கக்கூடும். பாரிசில் மானேயின் பக்கம் துணிந்து நின்று எழுதியவர் நாவலாசிரியர் எமில் சோலா. கவிஞர் மல்லார்மே 1876இல் இவ்வோவியருக்காகக் கட்டுரை வரைந்தார். எழுத்தாளரின் துணையின்றி அவ்வியக்கம் வெகுமக்களின் ஏளனத்தைக் கடந்திருத்தல் அரிது. தமிழிலும் 1970களின் சிற்றிதழ்களில் ஆதிமூலம் முதலியோரின் கோடுகள் புதிய எழுத்தோடு தோளொத்து நின்றன. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வார இதழில் வந்தபோது, அக்கரிசல் மாந்தரின் முகங்களை ஆதிமூலத்தின் தூரிகையே வாசகர்க்கு அறிமுகம் செய்தது. ஆயினும் கல்லூரித் தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் ஓவியத்திற்கு உரிய இடம் வாய்க்கவில்லை. அட்டைப்படத்தை வியப்போர் பலர். அதை வரைந்தவர் பெயரைத் தேடிப் படிப்போர் சிலர்.

நம் பழைய இலக்கியம் இத்தகைய பாராமுகம் உடையதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் எழுதப்பட்ட ஓவியங்களை மக்கள் சுட்டிக்காட்டி, இவர் இன்னார் என வினவியும் விளக்கியும் மகிழ்ந்ததைப் பாடுகிறது. காண்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உரிய பொதுச் செல்வமாக ஓவியம் அன்று இருந்தது. சித்தன்னவாசல் குடைவரையைப் புதுப்பித்தவன் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியன் என்பதை, சீமாறன் சீவல்லபன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அங்குள்ள தாமரைக் குளத்து ஓவியம் சிதைந்த நிலையிலும் இன்றும் கண்ணைக் குளிர்விக்கிறது. ஆனால் எத்தனையோ கோயில்களில் நாயக்கர் காலச் சுவரோவியங்கள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்தன. அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் எஞ்சியுள்ள இராமாயண ஓவியங்கள், இழந்தவற்றின் அளவை நமக்கு உணர்த்துகின்றன. சுண்ணாம்பு பூசிய கைகளுக்குப் பகைமை இல்லை. அங்கே ஓவியம் இருக்கிறது என்று எடுத்துச்சொல்ல எவரும் இல்லை என்பதே உண்மை.

எனவே பத்தாண்டு நிறைவு செய்த இவ்விலக்கிய வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்தல் தகும். ஆண்டுக்கு ஒரு கூட்டமேனும் ஓவியர் ஒருவரை அழைத்து, அவர் படைப்புகளைச் சுவரில் மாட்டி, அவற்றின் முன்நின்று உரையாடுதல் வேண்டும். வட்டம் வெளியிடும் நூல் ஒவ்வொன்றிலும் ஓவியரின் பெயரை நூலாசிரியர் பெயருக்கு நிகரான மதிப்போடு அச்சிடுதல் வேண்டும். மதுரையைச் சூழ்ந்த கோயில்களிலும் குடைவரைகளிலும் எஞ்சிய ஓவியங்களை மாணவரோடு சென்று கண்டு, அவற்றின் இன்றைய நிலையை எழுதி வைத்தல் வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை; பார்க்கும் பழக்கமே வேண்டும்.

1874இல் பாரிசில் அச்சிறு கண்காட்சியைக் கண்டு நகைத்தவர்களின் பெயர்கள் மறைந்தன. நகைக்கப்பட்டோரின் முதற் கண்காட்சிக்கு 2024இல் 150 ஆண்டுகள் நிறைந்ததை அதே நகரம் பெருவிழாவாகக் கொண்டாடியது. காலம் கடந்து போற்றுதல் எளிது. காலத்தே காணுதலே அரிது. கண்ணுள் வினைஞரின் தொழில் நிறைவுறுவது காண்போரின் கண்ணில் என்றால், அத்தொழிலின் பாதி காண்போரின் பொறுப்பு. அப்பாதியை இந்நகரம் தன் பங்காக ஏற்கட்டும்.